கூவத்துக் கரைத் தூண்கள்

நெல்சன் மாணிக்கம் சாலைப் பக்கம் கூவத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தத் தூண்கள் பழக்கம். தலையில் துருப்பிடித்த கம்பிகளோடு, மேலே எதையும் தாங்காமல் பத்து வருஷத்துக்கு மேல் நின்றன. எங்கள் பக்கம் வழி சொல்லும்போதுகூட "தூணுக்கு எதிர்ல" என்போம்.

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்காக நட்ட தூண்கள் அவை. 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர், 1,655 கோடி ரூபாய். பகலில் ஊருக்குள் வர முடியாமல் எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் நேராகத் துறைமுகத்துக்குள் போய் இறங்க வேண்டும். நோக்கம் அதுதான், நம் பைக்குக்காகப் போட்ட திட்டம் இல்லை.

ஏன் கூவக்கரை? வேறு எங்கே போட்டாலும் பட்டா நிலம் வாங்கியாக வேண்டும். கரை புறம்போக்கு. வரைபடத்தில் பார்த்தால் காலி இடம். அந்தக் காலி இடத்தில்தான் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா இருந்தார். சாலை வருகிறது என்று கரையோரக் குடும்பங்களைத் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி ஆறு மாதம் வந்து பார்த்தார், அப்புறம் நின்றுவிட்டார்.

2010இல் வேலை தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறியது. 2012இல், தூண்கள் ஆற்றுக்குள் இறங்குகின்றன, நீரோட்டம் தடைபடும் என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. அந்தக் காரணம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றோரமாகத் தூண் நட்டால் ஆற்றுக்கு என்ன ஆகும் என்பது முதல் தூண் இறங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டியது. தொடங்கியவர்கள் யோசிக்கவில்லை, நிறுத்தியவர்கள் மாற்று வழியும் சொல்லவில்லை. 2014இல் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. தூண்கள் அப்படியே நின்றன.

2022 மே மாதம் மோடி வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். இந்த முறை 5,800 கோடிக்கு மேல். பழைய தொகையைப் போல மூன்றரை மடங்கு. கோயம்பேடு வரை இரண்டு அடுக்கு, மேலே துறைமுக லாரிகள், கீழே நம்மைப் போன்றவர்கள். அந்தக் கூடுதல் அடுக்கைக் கணக்கில் சேர்த்தாலும் தாமதத்துக்கு நாம் கட்டும் வட்டி கொஞ்சம் இல்லை. அக்கா இழந்த வேலை இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

அவர் இன்னும் கண்ணகி நகரில்தான் இருக்கிறார். இந்தச் சாலைக்காக வீட்டைக் காலி செய்தவர், அதில் ஒரு வண்டி ஓடி இன்னும் பார்க்கவில்லை.

சாலை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்காக ஆற்றுக்குள் மண் கொட்டி வழி போட்டிருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அமைந்தகரையிலும் சூளைமேட்டிலும் கூவம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னாலும் அந்த மண்ணை அள்ளிவிட்டார்களா என்று பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.