கரைசலில் கலந்தால் தூளில் கலந்துவிடுமா?

சீரியமும் சிர்கோனியமும் ஒரே படிகத்துக்குள் கலந்த ஆக்சைடுத் தூளை மாணவர்களுக்குச் செய்துகாட்டும் அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். சீரியம் நைட்ரேட்டும் சிர்கோனைல் நைட்ரேட்டும் கரைத்த பீக்கரில் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள், வடிகட்டினார்கள், சுட்டார்கள். நானோ கலப்பு ஆக்சைடு தயாராம். இல்லை. கரைசலில் கலந்தது தூளிலும் கலந்திருக்கும் என்று யார் சொன்னது?

சிர்கோனியம் பிஹெச் 2-ஐ ஒட்டியே வீழ்படியத் தொடங்கிவிடும். மூன்று இணைதிறன் கொண்ட சீரியம் (இந்த நைட்ரேட்டில் இருப்பது) 8-ஐ நெருங்கினால்தான் இறங்கும். அமோனியாவை மெதுவாக விட்டால் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; ஒரே படிகத்துக்குள் இருக்காது. தலைகீழாகச் செய்யுங்கள்: பீக்கரில் முதலில் அமோனியா, அதில் உலோகக் கரைசல். வேகமாகக் கலக்கிக்கொண்டே, பிஹெச் 10-க்குக் கீழே போகாமல் அமோனியாவைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஆரம்பநிலை மாணவர்களுக்கு இது போதும்" என்கிறார்கள். எப்படிப் போதும்? அவர்களுக்குத்தானே முதல் தடவையே சரியாகச் சொல்ல வேண்டும்! வீடியோவில் எடையில்கூடப் பிழை. சீரியமும் சிர்கோனியமும் பாதிக்குப் பாதி உள்ள ஆக்சைடு 0.1 மோலுக்குச் சீரியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 21.7 கிராம், சரி. சிர்கோனைல் நைட்ரேட்டில் நீரின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். கொஞ்சம் எடுத்து 900 டிகிரியில் சுட்டு, மிஞ்சும் சிர்கோனியாவை (சிர்கோனியம் ஆக்சைடு) எடைபோட்ட பிறகே கணக்குப் போட வேண்டும். லேபிளை நம்பினால் விகிதமே தப்பு.

"எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) ஒரே பேஸ்தானே, அதாவது ஒரே படிக வகைதானே தெரிகிறது?" என்பார்கள். 5 நானோமீட்டர் படிகத்தில் பீக்குகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு பேஸ் இருந்தாலும் ஒன்றாகத்தான் தெரியும். ஹைட்ரஜன் டிபிஆர் எடுங்கள்; ஹைட்ரஜன் ஓட்டத்தில் சூடேற்றி, தூள் எந்த வெப்பநிலையில் ஆக்சிஜனை இழக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. தனியாக நிற்கும் சீரியாவின் (சீரியம் ஆக்சைடு) உட்பகுதி 800 டிகிரியை ஒட்டித்தான் ஆக்சிஜனை இழக்கும். சிர்கோனியம் உள்ளே போயிருந்தால் அது 500–600-க்கு இறங்கிவிடும். சிறிய சிர்கோனியம் அயனி சீரியாவின் படிக அணிக்கோவைக்குள் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கு) புகுந்து ஆக்சிஜனைத் தளர்த்துவதால்தான் கார் புகைக்குழாய் வினையூக்கியில் இந்தத் தூளுக்கே இடம். வெளியே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பயன் கிடைக்காது.

விலை குறைவென்று நைட்ரேட்டுக்குப் பதில் சிர்கோனியம் ஆக்ஸிகுளோரைடு வாங்கச் சொன்னதும் வலிக்கிறது. கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தெரியாமல் போகும் வரை கழுவ வேண்டும். தங்கும் குளோரைடு சீரியாவைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் எத்தனாலில் அலசாமல் நீரோடு உலர்த்தினால் துளைகள் சுருங்கும், 500 டிகிரிக்கு நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஏற்றாவிட்டால் துகள்கள் ஒட்டும். அதுவும் இல்லை.

இதைப் பார்த்துச் செய்யும் பிள்ளைக்குத் தூள் சரியாக வராது. "உனக்குக் கை வரவில்லை" என்பார்கள். கை வராமல் இல்லை, பீக்கரில் எதை முதலில் ஊற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.