கத்தோலிக்க கல்வி வாரமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் கத்தோலிக்க கல்வி வாரம் கொண்டாடப்படுகிறது. இம்முறை அந்த வாரத்தில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மூன்று கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குப் போய்வந்தேன். அவற்றில் ஒன்று என் பேத்தி படிக்கும் ஆரம்பப் பாடசாலை.

காலையில் தேசிய கீதம் முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு சிறுமி செபத்தை வாசித்தாள். இரண்டாம் தர வகுப்பின் மூலையில் செப மேசை. உயிர்ப்பு விழாவைத் தொடரும் பாஸ்கா காலம் என்பதால் வெள்ளைத் துணி விரித்து, விவிலியமும், பற்றரியில் எரியும் மெழுகுதிரியும் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் முதல் நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். "அம்மம்மா, உங்கட முதல் நன்மைக்கும் வெள்ளைச் சட்டையா?" என்று பேத்தி கேட்டபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நடைபாதையில் எட்டாம் தரப் பையன் ஒருவன், உணவு வங்கிக்கென்று சேர்ந்த தகரப் பேணிகளைக் கையிலெடுத்து, காலாவதித் திகதியை உரக்க வாசித்து, திகதி கடந்தவற்றைப் புறம்பாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். இல்லாதவருக்குக் கொடுப்பதிலும் மரியாதை வேண்டும் என்பதை அவனுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உயர்நிலைப் பாடசாலையில் எனக்கு வழிகாட்டியவள் நெற்றியில் பொட்டு வைத்த ஒரு சைவப் பிள்ளை. சிற்றாலயத்தைத் தன் வீட்டுச் சாமியறையைக் காட்டுவதுபோல் காட்டினாள். பதினொராம் தரத்தில் உலக சமயங்கள் என்ற பாடத்தில் சிவராத்திரியைப் பற்றித் தான் பேசியதையும் சொன்னாள். உயர்நிலைப் பாடசாலைகள் எல்லாச் சமயத்தவருக்கும் திறந்திருப்பதால் அவளுக்கு இடம் கிடைத்தது.

ஆரம்பப் பாடசாலைகளில் நிலைமை வேறு. எங்கள் பக்கத்து வீட்டுச் சைவத் தாய் தன் நான்கு வயது மகனைப் பாலர் வகுப்பில் சேர்க்க விரும்பி என்னோடு வந்திருந்தார். பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்று மிகுந்த கனிவோடுதான் பதில் சொன்னார்கள். ஆனாலும் அவருடைய முகம் வாடியதை நான் பார்த்தேன்.

இந்தப் பாடசாலைகளுக்கு 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு பாதுகாப்புத் தந்தது. 1984இல் மாகாண முதல்வர் பில் டேவிஸின் அரசு மேல் வகுப்புகளுக்கும் முழு நிதி தருவதாக அறிவித்தது. ஒரு சமயத்தின் பாடசாலைகளுக்கு மட்டும் அரசு நிதி வழங்குவது பாகுபாடு என்று 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. நிதியை நிறுத்தவேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. என் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவை இந்தப் பாடசாலைகள். ஆனால் அந்தச் சைவத் தாயும் கட்டுகிற வரியில்தான் அவை நடக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த கன்னியர் மடப் பாடசாலையில் சமய பாட வேளை வந்ததும் நாங்கள் ஒரு வகுப்புக்கும் சைவப் பிள்ளைகள் இன்னொரு வகுப்புக்கும் போவோம். மணி அடித்ததும் ஒரே வாங்கில் வந்து அமர்வோம். அதனால் எங்கள் விசுவாசம் எள்ளளவும் குறைந்துவிடவில்லை. இங்கும் சில கத்தோலிக்கக் கல்விச்சபைகள் தங்கள் விருப்புரிமையின்படி ஏனைய சமயப் பிள்ளைகளை ஆரம்ப வகுப்புகளில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே சட்டம் குறுக்கே நிற்கவில்லை. கல்விச்சபை மனம் வைத்தால் போதும்.

கத்தோலிக்கக் கல்விச்சபை அறங்காவலரைத் தெரிவுசெய்யும் வாக்கு அந்தத் தாய்க்கு இல்லை, எனக்கு உண்டு. ஆகவே இதைக் கேட்கவேண்டியவர்கள் கத்தோலிக்கர்களாகிய நாங்கள்தான். எங்கள் பகுதி அறங்காவலருக்கு நேற்றுக் கடிதம் எழுதினேன். இடம் மீதமிருக்கும் பாலர் வகுப்புகளில் அயல்வீட்டுப் பிள்ளைகளையும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும், சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.