நான் பயப்படுகிற நாளில்

படிப்பு விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. அக்டோபர் 1 அன்று ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் தொடங்குகிறது. சென்னைக்குப் போய் கைரேகை கொடுத்துவிட்டு வந்து இது ஏழாவது வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் கை முதலில் போனைத்தான் துழாவுகிறது. ஜெபமெல்லாம் அதற்கப்புறம்தான்.

போன வாரம் ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபித்த ஒருவர் முடிவில் சொன்னார்: “பயம் இருக்கிற இடத்துல விசுவாசம் இருக்காது சிஸ்டர்.” தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. அப்படியென்றால் இந்த ஏழு வாரமும் நான் பண்ணினது என்ன?

பைபிளில் சங்கீதம் 56:3ஐ எடுத்துப் பாருங்கள். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.” பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. எதிரிகளான பெலிஸ்தர் கையில், அவர்களுடைய காத் ஊரில் மாட்டிக்கொண்ட நேரத்துச் சங்கீதம் அது. அந்த ஊரில் அவர் என்ன செய்தார் என்பது 1 சாமுவேல் 21இல் இருக்கிறது. பைத்தியக்காரன் வேஷம் போட்டார், கதவுகளில் கீறினார், தாடியில் நுரை வழிய விட்டார். உயிர்ப்பயத்தில் நாடகம் ஆடிய அதே வாய்தான் ‘உம்மை நம்புவேன்’ என்றும் சொன்னது. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் முழுசாகக் கேட்டதில்லை. வசனம் போட்டுக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்க நுரை நன்றாக இருக்காது போல.

என் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. அங்கே செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, பிளாக்ட் அக்கவுண்ட் என்ற முடக்கிவைத்த கணக்கில் 11,904 யூரோ கட்டியாக வேண்டும், நம் காசுக்கு ஏறத்தாழ 12 லட்சம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அதை எனக்கே தருவார்கள். விசா மறுத்துவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கலாம், அந்த விதிமுறையை மனப்பாடமாகவே சொல்வேன். ஆனால் மறுத்தால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலையோடு நின்றுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் கோர்ட். இரண்டுமே செமஸ்டருக்குள் நடக்கிற காரியமில்லை.

ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பெரும்பாலும் ஈடு கேட்பார்கள். அப்பா பீரோவின் அடித்தட்டிலிருந்து மஞ்சள் பையை எடுத்தார். தாத்தா காலத்து வீட்டுப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து டேப் ஒட்டினது. பேங்கில் கடன் பார்க்கிற அம்மா கையெழுத்துப் போடவேண்டிய இடங்களை எல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். நாலாவது புள்ளியில் அப்பாவின் பேனா நின்றது. “அப்பா, பயமா இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டேன். “பயமாத்தான்ளா இருக்கு. அதுக்காகப் போடாமத் திரும்பிர முடியுமா?” என்றுவிட்டுப் போட்டார். அப்பா கோயிலில் கடைசி பெஞ்சு, பாதிப் பிரசங்கத்தில் கண்ணசருகிற ஆள். அன்றைக்கு நான் பார்த்ததற்கு விசுவாசம் என்று பேர் இல்லையென்றால் எனக்கு அந்த வார்த்தையே தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்த ஒருத்திக்கு விசா மறுத்துவிட்டார்கள். நான் பண்ணின அதே ஜெபம், என்னைவிட அதிகமான உபவாசம். விசா கிடைத்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்கிறோம். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. ஸ்டாம்ப் விழுந்த பக்கத்தில்தான் கர்த்தர் இருக்கிறார் என்றால் அவள் பாஸ்போர்ட்டில் யார் இருந்தது? ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜி கோயிலில் விசாவுக்காக 11 சுற்று சுற்றி வேண்டிக்கொண்டு, கிடைத்ததும் 108 சுற்று சுற்றுவார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்தச் சுற்றிலும் ஒரு வீட்டுப் பத்திரம் இருக்கும்.

எனக்கு விசா வருமா என்று தெரியாது. ‘கண்டிப்பா வரும், விசுவாசி’ என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு நன்றி, ஆனால் போடாதீர்கள். வராவிட்டால் என் வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள், போதும்.

அம்மா மட்டும் இதில் எதிலும் சேராமல் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள். விசா வராமலே. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளி, ஸ்வெட்டர், மேலே பெரிய எழுத்து பைபிள். போனிலேயே இருக்கிறதே என்றேன். “சார்ஜ் போயிட்டுன்னா?” என்றாள். நேற்று ராத்திரி எடை போட்டோம். 23 கிலோ 400 கிராம். 400 கிராமைக் குறைக்க வேண்டும். புளியா பைபிளா என்று இன்னும் முடிவாகவில்லை.