நைல் நடுவே மூன்று நாள்

எகிப்து போகத் திட்டம் போடுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தெற்கே நைல் கரையில் இருக்கிற அஸ்வான் நகரத்துக்கு ஒரே ஒரு ராத்திரி ஒதுக்காதீர்கள்.

எனக்குப் பயண முகவர் போட்டுக் கொடுத்தது அப்படித்தான். விடிகாலை நான்கு மணிக்கு வண்டியேறி 280 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற அபு சிம்பல் கோயில், மத்தியானம் திரும்பி வந்து அணை, சாயங்காலம் லக்சர் போகிற கப்பல். அபு சிம்பல் பார்த்துவிட்டு வந்தபோது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கட்டிய பணம் போனால் போகட்டும் என்று கப்பலை விட்டுவிட்டு, கரைக்கு எதிரே ஆற்று நடுவில் தெரிந்த எலிஃபன்டைன் தீவில் மூன்று நாள் தங்கினேன். அந்தப் பயணத்தில் நான் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான்.

தீவு சின்னது. நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர், அகலம் 400 மீட்டர். பாலம் கிடையாது, அதனால் காரும் கிடையாது. படகில் சில நிமிடம்தான்; இறங்கியதும் ஊர்ச் சத்தம் அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. நடுவில் இரண்டு நூபியக் கிராமங்கள்; நூபியர் என்பவர்கள் இந்தத் தெற்கு நைல் கரையின் பூர்வ குடிகள். நீலமும் மஞ்சளும் பூசிய வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள், மாமரம், பேரீச்சை.

நான் தங்கிய வீட்டுச் சந்து முனையில், நிழலில், இரண்டு பெரிய மண்பானைகள். ஸீர் என்கிறார்கள். மேலே மரமூடி, அதன்மேல் ஒரு தகர டம்ளர். யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். பானை வேர்த்து அடியில் சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு சட்டி வைத்திருந்தார்கள், அதில் சிட்டுக்குருவிகள் வந்து குடித்துக்கொண்டே இருந்தன. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல்தான், சித்திரையோடு முடிந்துவிடாத பந்தல். காலையில் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த வேலையும் இல்லை என்பது எவ்வளவு பெரிய சுகம்!

அப்புறம் மாடியில் கர்க்கதே. நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடியில் பூவின் அடியில் இருக்கிற புல்லியிதழில் போடுகிற செக்கச் சிவந்த பானம். அதைக் குடித்துக்கொண்டு பாய்மரப் படகுகளைப் பார்க்கலாம். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்கே போகப் பாயை விரித்தால் போதும், வடக்கே வர ஆறே இழுத்துக்கொண்டு வந்துவிடும். பழைய எகிப்திய எழுத்தில் தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகைத்தான் வரைந்திருக்கிறார்கள். மாடியில் சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் இது எனக்குப் புரிந்தது.

தெற்கு முனையில் க்னூம், சதெத் தெய்வங்களின் கோயில் இடிபாடுகள். 1969 முதல் ஜெர்மானியர்கள் தோண்டி வருகிறார்கள். பக்கத்திலேயே ஆற்றுக்குள் இறங்குகிற நைல்மானிப் படிக்கட்டு. வெள்ளம் எந்தப் படியைத் தொட்டது என்று பார்த்து அந்த வருஷ விளைச்சலை மதிப்பிட்டு வரி போட்டிருக்கிறார்கள். அணைகள் வந்தபின் அந்த வெள்ளம் இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டேன், சில்லென்று இருந்தது.

நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், மற்ற மாதங்களில் வெயில் தாங்காது. தங்குவது நூபியர் வீடாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

அஸ்வானில் உயர் அணை கட்டியபோது, தேங்கும் ஏரியில் மூழ்காமலிருக்க அபு சிம்பல் கோயிலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் மறுபடி நிறுத்தினார்கள். உலகமே பணம் கொடுத்தது. எல்லா வழிகாட்டிகளும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் 1963-64இல் சுமார் 50,000 நூபியர்களை ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து, அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் ஆறு கண்ணில் படாத இடத்தில் குடிவைத்ததை என் வண்டியில் யாரும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போய்வந்தேன், ஒரு வார்த்தை இல்லை.

எனக்குச் சொன்னது வீட்டுக்கார அம்மா. கடைசி நாள் சாயங்காலம், மகன் மொழிபெயர்க்க, தன் அம்மா பிறந்த ஊர் ஏரிக்கடியில் இருக்கிறது என்றார். பேரீச்சை மரங்கள் மூழ்கும்போது கடைசி வரை தலை மட்டும் தெரிந்ததாம். ஊர்ப் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். எனக்குச் சரியாக வரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார், எனக்கு வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்.