கச்சான் உடைப்பதும் பயிற்சிதான்
பாரிசவாதத்தில் (பக்கவாதத்தில்) விழுந்த கை, மெய்நிகர் (VR) கண்ணாடி மாட்டி விளையாடினால் வழக்கமான பயிற்சியைவிட வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்பும் என்று மேலே உள்ள கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. 2016இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பாரிசவாதம் வந்த 141 பேரில் ஒரு பகுதியினருக்குக் கையை அசைத்து விளையாடும் நிண்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவி, மற்றவர்களுக்குச் சீட்டு, பிங்கோ, ஜெங்கா போன்ற சாதாரண விளையாட்டுகள் கொடுத்தார்கள். கையின் முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. (வீ என்பது கண்ணாடி இல்லை, திரைதான். அது வேறு என்று வாதாடலாம், சரி.) 2017இல் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வும், மெய்நிகர் பயிற்சியை வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக அல்ல, அதற்கு மேலதிகமாகச் செய்யும்போதுதான் கைக்குப் பலன் தெரிகிறது என்றது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் அப்பாவுக்கு வலது கை விழுந்தபோது கிளினிக் வாரத்தில் ஒரு நாள்தான். மிச்ச நாளெல்லாம் அம்மா சுளகில் கச்சானைக் கொட்டி முன்னால் வைத்துவிடுவா. முதல் மாதம் ஒரு கோதும் உடையவில்லை. பெருவிரல் வழுக்கி, கச்சான் கட்டிலுக்குக் கீழே ஓடும், அப்பா ஏசுவார். அப்புறம் பேரனோடு கரம்போர்ட் விளையாட்டு. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுமளவுக்கு விரல் நிமிர மூன்று மாதம் எடுத்தது. மேலே கருத்து எழுதிய ஒரு அண்ணா, இந்த மெய்நிகர் கருவி திருகோணமலைக்கு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். வந்தால் நல்லதுதான், அலுப்பில்லாமல் செய்ய வைக்கும்; அப்பாவுக்குக் கச்சான் ஒரு கிழமையிலேயே அலுத்துவிட்டது. ஆனால் அதுவரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அண்ணா.