ஓக் மரம் எதுக்குப்பா, நம்ம வீரை மரமும் பாலை மரமும் இருக்கறப்ப

கலிபோர்னியால இருக்கற என் சித்தி பையன் கடலூர்ல வீடு கட்டறான். பின்னாடி தோட்டத்துல அந்த ஊரு ஓக் மரம் ஒண்ணு வைக்கணுமாம். "அண்ணா, வருஷம் பூரா பச்சையா இருக்கும், கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லனாலும் அசராது, நம்ம வெயிலுக்கு கரெக்ட்டா இருக்கும், வரும்போது விதை எடுத்துட்டு வந்துடறேன்"ங்கறான். ஆசை நல்ல ஆசைதான். இங்க நர்சரிக்கு வர்றவங்கள்ல பாதி பேரு ரெண்டு வருஷத்துல மொட்டமாடி உயரம் வர்றது எதுன்னுதான் கேக்கறாங்க, மெதுவா வளந்தாலும் பரவால்ல நின்னு நிக்கணும்னு ஒருத்தன் கேக்கறதே அபூர்வம். ஆனா அந்த ஆசைக்கு ஓக் ஆள் இல்ல.

ஏன்னா அந்த மரம் பழகின வறட்சி வேற, நம்ம வறட்சி வேற. அவன் சொல்றது கோஸ்ட் லைவ் ஓக். அங்க மழை குளிர்காலத்துல பெய்யும், கோடை காய்ஞ்சு கிடக்கும், ஆனா கடலோரம் பசிபிக் காத்தும் பனிமூட்டமும் இருக்கறதால சூடு மட்டு. வளந்த மரத்துக்கு கோடையில அடிமரத்துகிட்ட தண்ணி விடாதீங்கன்னே அங்க சொல்லுவாங்க, மண்ணு சூடாவும் ஈரமாவும் இருந்தா பூஞ்சை வந்து வேர் அழுகிடும். இப்ப நம்ம ஊர யோசிங்க. ஆடி ஆவணியில சாயங்காலமானா இடி மழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில வருஷ மழையில பாதிக்கு மேல மொத்தமா கொட்டும், 2024ல ஃபெஞ்சல் புயலப்போ பாண்டியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சுதே, அதுவும் குளிர்ந்த மழையா என்ன, ராத்திரியில கூட ஃபேன் போட்டுக்கிட்டுதான படுக்கறோம். அந்த வேருக்கு எது ஆகாதோ அது நம்மகிட்ட தாராளமா இருக்கு. ஸ்பெயின் பக்கத்து ஹோம் ஓக், ஒம்போது வருஷத்துக்கு ஒருக்கா பட்டை உரிச்சு கார்க் எடுக்கறாங்களே அந்த போர்ச்சுகல் ஓக், எல்லாமே அதே குளிர்கால மழை ஊருங்கதான். நம்ம நாட்டுலயும் ஓக் இருக்கு, உத்தராகண்ட் மலையில, தென்னிந்தியக் காட்டுல தானா வளர்றது ஒண்ணு கூட இல்ல. ஏற்காட்டு காபி எஸ்டேட்ல நிக்கற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன், ஓக் குடும்பமே கிடையாது.

விதையும் சும்மா பெட்டியில போட்டு எடுத்துட்டு வர முடியாது. 2003ல வந்த பிளான்ட் குவாரன்டைன் உத்தரவுப்படி அனுமதி வேணும், அந்த நாட்டு சர்டிபிகேட் வேணும். அதையும் மீறி வந்தாலும் ஓக் கொட்டை நாவக்கொட்டை மாதிரிதான், காய்ஞ்சா செத்துச்சு.

சரி, அவன் கேட்ட குணமெல்லாம் இருக்கற மரம் எங்க இருக்கு? பாண்டியிலேர்ந்து ஈசிஆர்ல மரக்காணம் போற வழியில புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கு பாருங்க, அங்க சித்திரை வெயில்ல போய் நில்லுங்க. சுத்தி எல்லாம் கருகிக் கிடக்கும், காடு மட்டும் கும்முனு பச்சையா இருக்கும். நம்ம கிழக்குக் கரை நெடுக ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு, உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு, மிச்சம் இருக்கறது பெரும்பாலும் சாமிக்கு பயந்து வெட்டாம விட்டது. இலை எல்லாம் சின்னதா, தடிமனா, மெழுகு பூசினாப்ல பளபளப்பா இருக்கும், அதனால தண்ணி ஆவியாகிப் போறது குறைவு. வீரை, உலக்கைப்பாலை, காயா, காட்டு எலுமிச்சை எல்லாம் இந்தக் கூட்டம். உலக்கைப்பாலை பேருலயே இருக்கு, உலக்கைக்கு ஆகற அளவு உறுதி, மஞ்சளா சின்னப் பழம் பழுக்கும், தின்னா அப்படி ஒரு இனிப்பு. நீங்க வாங்கற சப்போட்டா ஒட்டுக்கன்னுக்கு அடியில இருக்கற வேர் பல சமயம் இந்தப் பாலையோடதுதான், யாரும் சொல்ல மாட்டாங்க. காயா நீலமா பூக்கறப்ப பாத்தா பெருமாளை ஏன் காயாம்பூ வண்ணன்னு பாடினாங்கன்னு புரியும். கடலுக்குப் பக்கத்துலயே மனைன்னா புன்னை வைங்க, உப்புக்காத்துக்கு அசையாது. வாசல்ல மகிழம்.

"எப்பண்ணா நிழல் தரும், எனக்கு அறுபது வயசு ஆயிடும்"ங்கறான். அவன் கேட்ட ஓக் மட்டும் அவசரமாவா வளரும்! ஆனா நிழல் பிரச்சனை நிஜம்தான், அதுக்கு வழி ஆரோவில்காரங்க காட்டினது இருக்கு. 1968ல அவங்க வந்தப்ப அந்த இடம் வெறும் செம்மண் பொட்டல், மழைக்கு அரிச்சு ஓடையா கிடந்துச்சு. வேகமா வளர்ற ஆஸ்திரேலிய அகேசியாவ நிழலுக்கு வச்சு அதுக்கு அடியில நம்ம காட்டு மரங்கள வளத்தாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல அந்த அகேசியா ஏகப்பட்டது விழுந்துச்சு, ஆனா அது வந்த வேலை அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வீட்டுல அகேசியா வேணாம், அகத்தி போதும். பாலைக்கு மேக்கால ரெண்டு அகத்தி வச்சா ஆறு மாசத்துல நிழலும் ஆச்சு, அமாவாசைக்கு கீரையும் ஆச்சு, கன்னு எந்திரிச்சதும் வெட்டிடலாம்.

வளக்கறது பெரிய வித்தை எல்லாம் இல்ல. ஆளுயரக் கன்னு கேக்காதீங்க, கவர்லயே வருஷக்கணக்கா கிடந்து வேர் சுருண்டிருக்கும், முழங்கால் உயரம் போதும். ஐப்பசி முதல் மழையில வச்சா மூணு மாச ஈரத்துல வேர் கீழ போயிடும். முத ரெண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒருக்கா ரெண்டு குடம், நின்னு நிதானமா ஊத்தணும், தெனம் ஒரு சொம்பு ஊத்தினா வேர் மேலயே சுத்திக்கிட்டு இருக்கும், அப்புறம் எந்தக் காலத்துலயும் தண்ணிய விடாது. சருகைக் கூட்டி எரிக்காம அடியில மூடாக்கா போடுங்க. செவுத்துலேர்ந்து பத்து பதினஞ்சு அடி தள்ளி வைங்க, செப்டிக் டேங்க் பக்கம் வேணவே வேணாம். ஆடு வர்ற தெருன்னா முள்ளு கட்டணும்.

இன்னொண்ணு, இத சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. மரம் நல்லா வந்தப்புறம் வீட்டுல ஏதாவது விசேஷம்னா கொழுந்தனாரு ஒருத்தர் வந்து தரை சகதியா இருக்கேன்னு அடிமரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்ட வச்சுடுவாரு. குறைஞ்சது நாலடிக்கு நாலடி மண்ணை மண்ணா விடுங்கய்யா, மழைத்தண்ணி எங்க இறங்கும்?