அது அழுக்கு அல்ல

சமூக ஊடகத்தில் சுற்றும் அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பவளம் வளர்ப்பதற்காகக் கடலடியில் இறக்கிய சிமெண்ட் கட்டைகளைத் தன்னார்வலர்கள் கம்பித் தூரிகையால் தேய்க்கும் படங்கள்தான். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டையின் ஒரு பாதி இளஞ்சிவப்பாகவும், தேய்த்து முடித்த பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் இருக்கிறது. தூரிகையின் ஓரத்தில் இளஞ்சிவப்புத் தூள் கலங்கி மிதக்கிறது. அதற்குச் "சுத்தப்படுத்தினோம்" என்று பெருமையோடு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நீக்கியது அழுக்கு அல்ல, சுண்ணாம்புப் பாசி. பவளம் வந்து குடியேற வேண்டும் என்று எந்தக் கட்டையை இறக்கினார்களோ, அந்தக் குடியேற்றத்துக்கு வேண்டிய தளத்தையே சுரண்டி எறிந்திருக்கிறார்கள்.

செம்பாசி வகையைச் சேர்ந்த இந்த உயிர், தன் செல் சுவர்களிலேயே சுண்ணாம்பைப் படியவைத்துக் கல்லின்மேல் கல்லாகப் படர்கிறது. நெடுங்காலம் இதை விலங்கு என்றே அறிஞர்கள் நம்பினார்கள். 1837இல்தான் பிலிப்பி என்ற இயற்கையியல் அறிஞர் இது தாவரம் என்று தெளிவுபடுத்தினார். அலை உடைத்துப் போட்ட பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பாறையாக இறுக்குவது இதுதான். நீரில் அலையும் பவள லார்வாக்களில், அதாவது பவளத்தின் இளம் உயிரிகளில், பல இந்தப் பாசியும் அதன்மேல் வாழும் பாக்டீரியாக்களும் வெளிவிடும் வேதிப்பொருள்களை உணர்ந்தே தங்குமிடத்தைத் தேர்ந்துகொள்கின்றன.

தூத்துக்குடிப் பக்கத்தில் சங்கு குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரோடு ஒருமுறை படகில் போயிருந்தேன். எந்தப் புத்தகமும் படிக்காத அவர் எனக்குச் சொன்னார்: "தம்பி, செவப்பு புடிச்ச கல்லுல காலை ஊனலாம், அசையாது. வெளுத்த கல்லுல வச்சா பேந்து காலோட வந்துரும்." அவருக்குத் தெரிந்தது, லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டை இறக்கியவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

"பாசிதானே, திரும்ப வளராதா? கரியமில வாயு கூடினால் பாசிக்கு நல்லதுதானே?" என்று அந்தப் படங்களின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். பலர் அதை ஆமோதித்திருக்கிறார்கள். எல்லாப் பாசியும் ஒன்றல்ல. இத்தாலியின் இஸ்கியா தீவை ஒட்டிக் கடலடியிலிருந்து கரியமில வாயு குமிழ்குமிழாக வெளிவரும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலமாகும்; குமிழ்கள் மிகுந்து நீரின் அமிலத்தன்மை ஏற ஏறச் சுண்ணாம்புப் பாசி குறைந்துகொண்டே போய், ஓரிடத்துக்கு மேல் அறவே இல்லாமல் போனது. சுண்ணாம்பு இல்லாத பாசிகள் அங்கே செழித்திருந்தன. காரணம் எளிது. சுண்ணாம்புப் பாசியின் உடலில் இருப்பது மக்னீசியம் மிகுந்த கால்சைட் என்ற சுண்ணாம்பு வகை. பவளத்தின் உடலில் உள்ள அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகையை விடவும் எளிதில் கரையக்கூடியது அது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. சிறிய எண்ணாகத் தோன்றும் இந்த இறக்கத்துக்கு, அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால்பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள்.

வெப்பமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மத்தியதரைக் கடலில் வளரும் லித்தோபில்லம் என்ற சுண்ணாம்புப் பாசியைத் தொட்டிகளில் வளர்த்து, மூன்று பாகை செல்சியஸ் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் ஒருசேரக் கூட்டிப் பார்த்தார்கள். வெப்பத்தை மட்டும் கூட்டியபோது நேர்ந்த அழிவை விட, இரண்டும் சேர்ந்தபோது அதன் திசு முன்னதாகவே மடியத் தொடங்கி, மடிந்த பரப்பும் இரண்டு மூன்று மடங்கானது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்ததைக் கண்ட நாம், அதே நீரில் கிடக்கும் இந்தப் பாசியைப் பற்றி ஒரு வரியாவது பேச வேண்டாமா?

"பழகிக்கொள்ளும் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்று இன்னொருவர் வாதாடுகிறார். 2020இல் வந்த ஆய்வைத்தான் அவர் குறிப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். உண்மைதான், ஒரு வகைப் பாசி பல தலைமுறைகள் அமில நீரில் வளர்ந்த பிறகு அதைத் தாங்கும் திறனைப் பெற்றது. எனக்கும் அது ஆறுதல் தந்த செய்தி. ஆனால் அது ஒரே ஒரு வகை. சோதனை நடந்தது ஆய்வகத்தில். ஒரு தலைமுறையையே கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, அடுத்த தலைமுறை பழகிக்கொள்ளும் என்று சொல்வது என்ன நியாயம்?

"குறை சொல்ல மட்டும் வந்துவிடுகிறீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்தத் தன்னார்வலர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. விடுமுறை நாளில் கடலில் இறங்கி உழைத்த பிள்ளைகள் அவர்கள்; தவறு, அவர்கள் கையில் தூரிகையைக் கொடுத்தவர்களுடையது. இனி இறங்குபவர்களில் யாராவது இதைப் படித்தால், கட்டையில் இழையிழையாக அசையும் பச்சைப் பாசியைக் கையால் பிடுங்குங்கள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கும் இளஞ்சிவப்பைத் தொடாதீர்கள்.